பாஸ்கு: ஒரு சொல்லின் இரு பொருளும் புத்தளக் கரையோர விசுவாசியின் உயிர்ப்பு அனுபவமும்

இலங்கையின் மேற்குக் கரையோரக் கத்தோலிக்க மக்களிடையே வழங்கும் 'பாஸ்கு' என்னும் சொல், உயிர்ப்புத் திருநாளைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்ததாகும். ஆயின் அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தே அம்மக்களின் மனத்தில் முதலில் எழுவது வெறுமையான கல்லறையின் தோற்றமன்று. சிலுவை சுமந்து செல்லும் உருவமும், மகனை இழந்த தாயின் புலம்பலுமே எழுகின்றன. பாடுகளை நடித்துக்காட்டும் நாடகத்துக்கும் பாஸ்கு என்னும் பெயரே தமிழிலும் சிங்களத்திலும் நிலைத்துவிட்டது. உயிர்ப்பைச் சுட்ட வந்த சொல் மரணக் காட்சியைச் சுட்டுவதாகவும் ஆயிற்று. சொற்பொருள் மாற்றம் தற்செயலாக நிகழ்வதில்லை என்பது மொழியியலாளர் அறிந்த செய்தி. இம்மாற்றத்தின் பின்னணியில் ஒரு சமுதாய வரலாறு உண்டு.

ஒரு கிறித்தவ விசுவாசிக்கு உயிர்த்த ஞாயிறு தனிப்பட்ட முறையில் எதனை உணர்த்துகின்றது என்னும் வினா, வழக்கமாக மறையுரைக்கும் இறையியலுக்கும் உரியதாகக் கருதப்படுகின்றது. இக்கட்டுரை அதனை இலக்கிய விமர்சனத்தின் வினாவாக எடுத்துக்கொள்கின்றது. தனிமனிதனின் அந்தரங்க உணர்வு என நாம் கொள்வது, அவ்வுணர்வுக்கு அவன் வாழும் சமூகத்தில் கிடைத்த மொழியாலும் வடிவத்தாலும் பெரிதும் உருவாக்கப்படுகின்றது. புத்தளம் மாவட்டக் கரையோரத்தில், கற்பிட்டியிலிருந்து சிலாபம், மாரவில, வென்னப்புவ ஈறாக வாழும் கத்தோலிக்கரின் அனுபவத்தை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. அவர்களின் துயரத்துக்கு மக்கள் மொழியில் ஒரு பேரிலக்கியம் கிடைத்தது. அவர்களின் உயிர்ப்பு நம்பிக்கைக்கு அத்தகைய இலக்கியம் கிடைக்கவில்லை. அதன் காரணங்களையும் விளைவுகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வியாகுலப் பிரசங்கமும் அதன் ஆசிரியரும்

ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றியபின் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருமார் வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ மூன்று தசாப்தங்கள் குருவற்றிருந்த இம்மக்களிடம் 1687இல் கோவையிலிருந்து, அதாவது போர்த்துக்கேயரின் கோவாவிலிருந்து, யோசேவ் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்தில் நெருக்கடி முற்றியபோது 1690இல் அவர் அடைக்கலம் தேடியது புத்தளத்திலாகும். அந்நாளில் புத்தளம் கண்டி மன்னனின் ஆட்சிக்குட்பட்ட துறைமுகம். ஒல்லாந்தரின் கை அங்கு எட்டவில்லை. எனவே இக்கரையோரத்துக் கத்தோலிக்கத்தின் மறுதொடக்கமே அடைக்கலத்தின் வரலாறாக அமைந்தது.

1705இல் இலங்கை வந்த சாங்கோபாங்கர் எனத் தமிழ்க் கிறித்தவ மரபு போற்றும் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளும் கோவாவைச் சேர்ந்தவரே. கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்ட அவர் தமிழையும் சிங்களத்தையும் கற்று, இரு மொழிகளிலும் உரைநடையும் செய்யுளுமாகப் பல நூல்களை ஆக்கினார். தம் இறுதிக் காலத்தை இன்றைய புத்தளம் மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள பொலவத்தையில் கழித்து, 1742 ஜூலை 17இல் அங்கேயே மறைந்தார். அவரது கல்லறையும் அவ்வூரிலேயே உளது.

ஈழத்துத் தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஆறுமுக நாவலரிடமிருந்தே தொடங்குவர். நாவலரின் பிறப்புக்கு எட்டுத் தசாப்தங்களுக்கு முன்னரே மறைந்துவிட்ட கொன்சால்வெஸ் அடிகள், வீரமாமுனிவரின் சமகாலத்தவர். முனிவரின் பணி தமிழ்ப் புலமை உலகில் இடம்பெற்ற அளவுக்கு அடிகளின் பணி இடம்பெறவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் என்றீக்கு எம்பரதோர், மூவிராசாக்கள் முதலிய மன்னார் நாடகங்களைப் பதிப்பித்தபோது கத்தோலிக்க நாட்டுக்கூத்து மரபு ஆய்வாளரின் கவனத்துக்கு வந்தது. உரைநடை மரபுக்கு அத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை.

அவருடைய நூல்களுள் மக்களிடையே மிக ஆழமாக வேரூன்றியது 'வியாகுலப் பிரசங்கம்'. ஒன்பது பிரசங்கங்களைக் கொண்ட இந்நூல் கிறித்துவின் பாடுகளையும் மரணத்தையும் பொருளாகக் கொண்டது. தவக்காலத்தில் ஒரு குறித்த இராகத்தில் இழுத்துப் பாடுவதுபோல வாசிக்கப்படுவது. அதே பொருளை அவர் சிங்களத்திலும் 'துக்பிராப்தி பிரசங்கய' என ஆக்கினார். நீர்கொழும்பை அடுத்த துவையின் பாஸ்குவுக்குச் சிங்கள நூலும், மன்னார்ப் பேசாலையின் பாஸ்குவுக்குத் தமிழ் நூலும் அடிப்படையாயின. இவ்விரு துருவங்களுக்கும் இடையே கிடப்பதே புத்தளக் கரையோரம். ஒரே மனிதரின் ஒரே புலம்பல் இரு மொழிகளிலும் ஒலித்த நிலப்பரப்பு அது.

இந்நூலின் மொழி வடசொற் செறிவு மிக்கது. அன்றாடப் பேச்சிலிருந்து வெகுதூரம் விலகியது. இருந்தும் எழுத்தறிவற்ற மீனவக் குடும்பங்கள் இதனைத் தம்முடையதாக ஏற்றுக்கொண்டன. அதற்குக் காரணம் அதன் வடிவமே எனலாம். சொல்லின் பொருள் முழுதும் விளங்காதபோதும், அடுக்கி வரும் விளிகளும், மீண்டும் மீண்டும் தோன்றும் தாயின் முறையீடும் கேட்போருக்கு முன்னரே பழக்கமானவை. அவை ஒப்பாரியின் அமைப்பைச் சார்ந்தவை. கடலுக்குச் சென்ற கணவனோ மகனோ திரும்பாத வீட்டில் பெண்கள் எழுப்பும் ஓலத்தின் அமைப்பும் அதுவே. உடல்கூடக் கிடைக்காத இறப்பு கரையோரத்துக்குப் புதிதன்று. அத்தகைய வீட்டுத் தாய், மகனின் உடலை மடியில் ஏந்திய மரியாளின் புலம்பலைக் கேட்கும்போது, தனக்கு வாய்க்காத ஒன்றை அவளிடம் காண்கிறாள். இவ்விடத்து விசுவாசம் என்பது கோட்பாட்டை ஏற்பதன்று, துயரத்தைப் பகிர்தலேயாகும்.

மதத்தை வெறும் மயக்கமருந்து என ஒதுக்கும் எளிய முற்போக்குவாதம் இவ்விலக்கியத்தின் முன் தடுமாறும். மதத் துயரம் உண்மைத் துயரத்தின் வெளிப்பாடாகவும் உள்ளது என்பதை மார்க்ஸ் அதே இடத்திலேயே சுட்டியிருந்தார் என்பதை அவ்வாதத்தினர் மறந்துவிடுகின்றனர். வியாகுலப் பிரசங்கத்தை நாம் மதிக்கவேண்டியது அது பக்திநூல் என்பதற்காக மட்டுமன்று. தம் துயரத்தைப் பொது இடத்தில் உரத்துச் சொல்வதற்கு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அது ஒரு குரலைக் கொடுத்தது.

2. உயிர்ப்புக்கு ஏன் மொழி கிடைக்கவில்லை?

துயரத்துக்கு இவ்வளவு வளமான மொழி வாய்த்திருக்க, உயிர்ப்பு மட்டும் ஏன் ஊமையாயிற்று? கொன்சால்வெஸ் அடிகள் உயிர்ப்பைப் புறக்கணித்தார் எனக் கூறுவது பொருந்தாது. நற்செய்திப் பகுதிகளுக்கு விரிவுரையாக அமைந்த 'சுவிசேஷ விரித்துரை'யும் அவருடையதே. ஆனால் அது மக்களின் தொண்டையில் வியாகுலப் பிரசங்கம் குடியேறியதுபோலக் குடியேறவில்லை. காரணத்தை நூலாசிரியரிடம் தேடுவதிலும் வழிபாட்டின் சமூக அமைப்பில் தேடுவதே தகும்.

முதலாவது காரணம் குருமாரின் தொகை. ஒல்லாந்தர் காலத்தில் ஒரு சில குருமாரே தீவு முழுவதும் மறைந்து மறைந்து பணியாற்றினர். புனித வாரத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு குரு இருப்பது இயலாத காரியம். உயிர்ப்புப் பெருவிழாவின் மையம் திருப்பலி. அதற்குக் குரு இன்றியமையாதவர். பாடுகளின் வாசிப்புக்கோ ஒரு பிரதியும் ஒரு குரலும் போதும். ஊர்த் தலைவரான மூப்பரும், படிக்கத் தெரிந்த அண்ணாவியும் அதனை நடத்தினர். ஆகவே பெரிய வெள்ளி மக்களின் உடைமையாயிற்று. உயிர்த்த ஞாயிறு குருவின் வருகையை எதிர்பார்த்து நின்றது.

இரண்டாவது காரணம் மொழி. ஆங்கிலேயர் ஆட்சியில் மதத்தடை நீங்கிக் கோயில்கள் பெருகிய பின்னரும் திருப்பலி இலத்தீனிலேயே நிகழ்ந்தது. உயிர்ப்பின் முதல் அறிவிப்பான பாஸ்கு விழிப்பு வழிபாடு, பல நூற்றாண்டுகளாகச் சனிக்கிழமை காலையிலேயே நடத்தப்பட்டு வந்தது. பகல் வெளிச்சத்தில், விளங்காத மொழியில், மிகச் சிலரே கூடிய வேளையில், இருளை வெல்லும் ஒளியைப் பற்றிய பெருங்கவிதை பாடப்பட்டது! பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1951இல் அதனைப் பரிசோதனையாக இரவுக்கு மாற்றினார். 1956இல் புனித வாரச் சீர்திருத்தம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தாய்மொழி வழிபாட்டுக்கு வழிதிறந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1963ஆம் ஆண்டு ஏடாகும். கணக்கிட்டு நோக்கின், வியாகுலப் பிரசங்கம் தமிழில் ஒலிக்கத் தொடங்கி இருநூறு ஆண்டுகளுக்கு மேலான பின்னரே உயிர்ப்பின் வழிபாடு தமிழ் பேசியது.

தமிழ் பேசத் தொடங்கியபோது கேட்பதற்கு இருந்தோர் யாவர் என்பது அடுத்த வினா. சிலாபம் முதல் நீர்கொழும்பு வரையான கரையோரத்து மக்களுட் பலர் இருபதாம் நூற்றாண்டின் போக்கில் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறினர். பாடசாலைகளின் போதனாமொழி மாற்றம் இதில் பெரும்பங்கு வகித்தது. பாட்டியின் தமிழும் பேரனின் சிங்களமும் ஒரே வீட்டில் வாழ்ந்த தலைமுறைகள் இருந்தன. இரு மொழியிலும் பொதுவாக நின்றது புலம்பலே. 'பசான்' எனச் சிங்களத்தில் வழங்கும் பாடுகளின் பாடல் மரபும் அடிகளையே மூலவராகக் கொண்டது. எனவே மொழி மாறியபோதும் துயரத்தின் மரபு அறுபடவில்லை. உயிர்ப்புக்கு, மாறிச் செல்வதற்குரிய மரபே உருவாகியிருக்கவில்லை.

நாடகத் துறையில் சில புதிய முயற்சிகள் தோன்றின. புத்தளம் மாவட்டத்துப் பொரலஸ்ஸையில் 1923இல் லோரன்ஸ் பெரேரா ஜெர்மனியின் ஒபர்அமர்காவு நாடகத்தின் தாக்கத்தோடு பாஸ்கு நாடகத்தை மேடையேற்றினார். அதே மாவட்டத்தில் பிறந்த கவிஞரான மார்சலின் ஜயக்கொடி அடிகள் துவைப் பாஸ்குவுக்குப் புதிய பாடல்களை யாத்தார். சிலைகளின் இடத்தை மனிதர் பெற்றனர், கலைத்தரம் உயர்ந்தது. எனினும் நாடகத்தின் எடை பாடுகளின்மீதே இருந்தது. உயிர்ப்பு, மணிக்கணக்கான துயரத்தின்பின் வந்து மறையும் முடிவுக் காட்சியாகவே பெரும்பாலும் அமைந்தது. காட்சி முடிந்தபின் விசுவாசி வீட்டுக்கு எடுத்துச் சென்றது கண்ணீரையே.

3. கரையில் மூட்டிய தீ

இங்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்றுண்டு. நற்செய்திகளின் உயிர்ப்புப் பகுதிகளை இக்கரையோர வாழ்க்கையோடு ஒப்பிட்டுப் படித்தால், பாடுகளின் வரலாற்றைக் காட்டிலும் அவை இம்மக்களுக்கு நெருக்கமானவை என்பது தெரியவரும். அருளப்பர் எனக் கத்தோலிக்க மரபு வழங்கிய யோவானின் நற்செய்தியில் இறுதி இரு அதிகாரங்களும் இதற்குச் சான்று.

முதற் பகுதியில் சாட்சியாவது ஒரு பெண். மக்தலேனா மரியாள் அழுதுகொண்டே கல்லறை வாயிலில் நிற்கிறாள். எதிரில் நிற்பவரைத் தோட்டக்காரர் என எண்ணுகிறாள். தன் பெயர் சொல்லி அழைக்கப்பட்ட கணத்திலேயே அவரை இனங்காண்கிறாள். உயிர்ப்பின் தனிப்பட்ட பொருள் யாது என்னும் வினாவுக்கு இதனினும் சுருக்கமான விடை கிடைப்பது அரிது. துயரத்தில் முகமிழந்து நின்ற ஒருத்தி பெயர் பெறுகிறாள். ஆனால் அவ்வனுபவம் அவளோடு நின்றுவிடுவதில்லை. சென்று சகோதரருக்கு அறிவிக்குமாறு அவள் அனுப்பப்படுகிறாள். புலம்பியவள் செய்தி சொல்பவளாகிறாள். நம் மரபோ பெண்ணின் குரலுக்குப் புலம்பலில் அளித்த இடத்தை அறிவிப்பில் அளிக்கவில்லை. துயரத்தைப் பெண்ணிடமும் செய்தியைக் குருவிடமும் பகிர்ந்தளித்த இவ்வமைப்பைச் சமூகவியல் நோக்கில் வினவாமல் இருக்கவியலாது.

இரண்டாம் பகுதி முழுவதும் மீனவர் கதை. தலைவனை இழந்தோர் பழைய தொழிலுக்கே திரும்புகின்றனர். இரவு முழுவதும் வலைவீசியும் ஒன்றும் கிடைக்கவில்லை. விடியலில் கரையில் ஒருவர் நிற்கிறார். கரித்தீயில் மீன் வேகிறது, அப்பமும் இருக்கிறது. உணவுண்ண வருமாறு அழைக்கிறார். உண்டபின்னரே, மும்முறை மறுதலித்தவனிடம் மும்முறை அன்பைப் பற்றிக் கேட்கிறார். குற்றப்பத்திரம் வாசிக்கப்படவில்லை, பொறுப்பு ஒப்படைக்கப்படுகின்றது.

வெறும் படகோடு கரைசேர்வதன் பொருளை விரிவுரையாளர் இக்கரையோரத்தாருக்கு விளக்கவேண்டியதில்லை. அது அன்றைய பட்டினி மட்டுமன்று. சம்மாட்டியிடமும் வியாபாரியிடமும் ஏறும் கடன். உயிர்த்த ஞாயிறு மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் வருவது. மேற்குக் கடலின் அமைதிப் பருவம் முடிவை நெருங்கும் காலம் அது. தென்மேற்குப் பருவக்காற்று எழுமுன் மீனவருட் பலர் வலைகளோடு கிழக்குக் கரைக்குச் சென்று, அங்கு வாடி அமைத்து மாதக்கணக்கில் தொழில் செய்வது நெடுங்கால வழக்கம். அவ்வாறு பிரியவிருப்போருக்கும் பின்னால் கரையில் எஞ்சியிருப்போருக்கும் உயிர்த்த ஞாயிற்று உணவு, மறுமையைப் பற்றிய வாக்குறுதி மட்டுமாக இருந்திருக்க முடியாது. வெறும் வலைக்கும் கடனுக்கும் பிரிவுக்கும் நடுவே 'வந்து உண்ணுங்கள்' என்னும் அழைப்பு, வாழ்க்கை தொடரத்தக்கது என்பதன் உறுதிமொழியாகும்.

உயிர்ப்பை இறந்தபின் தனியொருவனுக்குக் கிடைக்கவிருக்கும் பரிசாகச் சுருக்கியது பழைய பக்திமரபு. அதனை வெறும் சமூகப் புரட்சியின் உருவகமாகச் சுருக்குவது சில புதிய விளக்கங்களின் போக்கு. இலங்கையின் திஸ்ஸ பாலசூரிய அடிகள் 1977இல் வெளியிட்ட 'நற்கருணையும் மானிட விடுதலையும்' என்னும் ஆங்கில நூலில், வழிபாடு சமூக நீதியிலிருந்து துண்டிக்கப்பட்டமையைக் கண்டித்தார். அக்கண்டனத்தின் நியாயத்தை மறுப்பதற்கில்லை. ஆயினும் பெயர் சொல்லி அழைக்கப்பட்ட ஒருத்தியின் அனுபவத்தையும், தீயருகே உண்ட எழுவரின் அனுபவத்தையும் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தல் தகாது. அழைப்பு தனிப்பட்டது, உணவு பொதுவானது. இரண்டும் சேர்ந்ததே உயிர்ப்பு அனுபவம்.

4. மீண்டும் பொருள் பெயர்ந்த சொல்

2019 ஏப்ரல் 21இல் உயிர்ப்பின் பெயர் மறுமுறையும் மரணத்துக்குக் கைமாறியது. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு ஆகிய இடங்களின் தேவாலயங்களிலும் கொழும்பின் ஆடம்பர விடுதிகளிலும் நிகழ்ந்த தற்கொலைக் குண்டுவெடிப்புகளில் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். நீர்கொழும்பை அடுத்த கட்டுவாப்பிட்டியில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிர்த்த ஞாயிற்றுத் திருப்பலியின்போதே இறந்தனர். அன்றுமுதல் இந்நாட்டின் செய்தித்தாள்களிலும் நீதிமன்ற ஏடுகளிலும் 'உயிர்த்த ஞாயிறு' என்பது ஒரு படுகொலையின் பெயராயிற்று. முன்னர் பாஸ்கு என்னும் சொல்லைத் துயரத்தின்பால் திருப்பியது பக்தி. இம்முறை அதனைச் செய்தது வன்முறை.

புத்தளம் மாவட்டம் இந்நிகழ்வுக்கு அயலாக நிற்கவில்லை. அவ்வாண்டு ஜனவரியிலேயே வண்ணாத்திவில்லுவில் தென்னந்தோட்டம் ஒன்றில் பெருந்தொகை வெடிபொருள்கள் கண்டுபிடிக்கப்பட்டிருந்தன. எச்சரிக்கைகள் கிடைத்தும் அரசு செயற்படத் தவறியதை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 12இன் தீர்ப்பில் அடிப்படை உரிமை மீறலாகக் கண்டு, முன்னாள் ஜனாதிபதி உள்ளிட்டோர் நட்டஈடு வழங்கவேண்டுமென விதித்தது.

ஆயின் விசுவாசியின் தனிப்பட்ட சோதனை நீதிமன்றத்துக்கு வெளியே நிகழ்ந்தது. 2019 மே 12இல் சிலாபத்தில், முகநூற் பதிவொன்றை முன்னிட்டு முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மறுநாள் அயற் பிரதேசங்களுக்கும் வன்செயல் பரவியது. புத்தளம் மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் முஸ்லிம் தச்சர் ஒருவர் கொல்லப்பட்டார். தாக்கியோர் அனைவரும் கிறித்தவர் என்று கூறுவதற்கில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் தலைமை அமைதி காக்குமாறு வேண்டியதும் உண்மையே. எனினும் ஒரு மறைமாவட்டத்தின் தலைமையிடமான பட்டினத்தில், உயிர்ப்புக் காலம் முடிவதற்குள்ளேயே, உயிர்த்த ஞாயிற்றின் இறப்புகளுக்கு எதிர்வினையாக அயலவன்மேல் கல் வீசப்பட்டது என்பதை எளிதில் கடந்துசெல்ல முடியாது.

இங்கு நம் இலக்கிய மரபை நோக்கியும் ஒரு கடுமையான வினா எழுகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் பாடுகளின் இலக்கியங்கள், ஐரோப்பாவிலாயினும் ஆசியாவிலாயினும், யூதரை ஓர் இனமாகக் குற்றவாளியாக்கும் போக்கைக் கொண்டிருந்தன. அப்போக்கைத் திருச்சபை 1965 அக்டோபர் 28இன் அறிக்கையில் வெளிப்படையாக மறுத்தது. ஒபர்அமர்காவு நாடகமும் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. புலம்பல், தன் இயல்பிலேயே, கொன்றவன் யார் எனக் கேட்கும். ஒப்பாரி மரபில் சாபமும் ஓர் உறுப்பு. கொன்றவனைக் கேட்பது நீதியின் தொடக்கம். கொன்றவனின் இனத்தைக் கேட்பது அநீதியின் தொடக்கம். இவ்விரண்டுக்குமிடையே கோடு கீறும் ஆற்றல் புலம்பலுக்குத் தனியே இல்லை. உயிர்ப்பின் கதைக்கு அவ்வாற்றல் உண்டு. உயிர்த்தெழுந்தவர் பிலாத்துவின் மாளிகைக்குச் சென்று பழிதீர்த்ததாக எந்த நற்செய்தியும் கூறவில்லை. காயங்களை மறைக்கவுமில்லை. காயங்களைக் காட்டிக்கொண்டே அமைதியைக் கூறுகிறார். நீதிக்கான கோரிக்கையும் பழியின் மறுப்பும் ஒரே உடலில் நிற்கும் நிலை அது.

இக்கரையோரத்தின் சொந்த வரலாறும் அதனையே வலியுறுத்துகின்றது. 1690இல் ஒடுக்கப்பட்ட கத்தோலிக்கரின் குருவுக்குப் புத்தளம் அடைக்கலம் அளித்தது. சரியாக முந்நூறு ஆண்டுகளின்பின், 1990 அக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களுட் பெரும்பாலோர் வந்து சேர்ந்ததும் இதே புத்தளத்துக்கே. கரையில் மூட்டிய தீயருகே யார் யாருக்கு இடமுண்டு என்னும் வினாவுக்கு இம்மண் தன் வரலாற்றால் இருமுறை விடையளித்திருக்கிறது. 2019 மே மாதத்தில் அவ்விடை மறக்கப்பட்டது.

5. முடிவுரை

வியாகுலப் பிரசங்கம் ஈழத்துத் தமிழ் உரைநடையின் பெருஞ்சாதனைகளுள் ஒன்று. அதனைப் பிழையறப் பதிப்பித்து, அதன் சிங்கள இணைநூலோடு ஒப்புநோக்கி ஆராய்வது பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் கடன். பொலவத்தையில் துயிலும் ஒருவரைத் தமிழிலக்கிய வரலாறும் சிங்கள இலக்கிய வரலாறும் தத்தம் மொழிக்கு மட்டும் உரியவராகக் கூறுபோட்டுப் படிக்கும் நிலை நீங்கவேண்டும்.

அதே வேளையில், அந்நூல் விட்டுச்சென்ற வெற்றிடத்தையும் விமர்சகர் சுட்டுதல் வேண்டும். இக்கரையோர விசுவாசிக்கு உயிர்த்த ஞாயிறு நெடுங்காலமாகப் பெரிய வெள்ளியின் நிழலிலேயே பொருள் பெற்று வந்தது. இன்று அதன்மேல் இன்னொரு வெள்ளியின் நிழல் படிந்துள்ளது. ஏப்ரல் 21இன் இறந்தோருக்காகப் புலம்பல் எழவேண்டியது அவசியம். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அதற்கான மொழி நம்மிடம் உண்டு. பெயர் சொல்லி அழைக்கும் குரலுக்கும், அயலவனையும் உணவுக்கு அழைக்கும் குரலுக்கும் உரிய தமிழை இனித்தான் ஆக்கவேண்டியுள்ளது. அதனை ஆக்குவோர், மூன்று நூற்றாண்டுகளாகப் புலம்பலைக் காத்துவந்த பெண்களிடமிருந்து வருவார்களாயின் அது நற்செய்தியின் வைப்புமுறைக்கும் ஒத்ததாகும்.